பரசுராமனின் காத்திருப்புப் பெட்டி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாலுமிகள் நலச்சங்கத் தலைவர் கஸ்பார் அவர்களே! மறைந்த பரசுராமன் அவர்களின் துணைவியார் ரமாபாய் அம்மா அவர்களே! அவர்களுடைய அன்பு மகள் சங்கமித்ரா அவர்களே! ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் கப்பல்காரர் குடும்பங்களே! நான்காவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் மகள் பவானியோடு உட்கார்ந்திருக்கும் கோவிந்தம்மா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கோவிந்தம்மாவின் பெயரை மட்டும் ஏன் இவன் தனியாக எடுத்துச் சொல்கிறான் என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வால்டர். மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்பும் நம் முகவர் அலுவலகத்தில் பதினாறு வருடமாக மேலாளர். எனக்கு மேடை புதிதல்ல. ஆயுத பூசைக்குப் பேசியிருக்கிறேன், ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பேசியிருக்கிறேன், இதே மண்டபத்தில் ஏழு பேருக்கு இரங்கல் உரை ஆற்றியிருக்கிறேன். வால்டர் பேசினால் கண்ணில் தண்ணீர் வரும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கும் அப்படி ஒன்று எழுதிக்கொண்டுதான் வந்தேன். இதோ, நான்கு பக்கம். 'கடமையின் சிகரமே, கண்ணியத்தின் இமயமே' என்று தொடங்குகிறது. இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறேன்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள். 'மின்னஞ்சல் பொறுப்பாளர் பரசுராமன்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. யார் அச்சடித்தார்களோ, அவர்களுக்கு நன்றி. ஏனென்றால் அலுவலகப் பதிவேட்டில் அவருக்கு அந்தப் பதவி கிடையாது. 2006 நவம்பரில் அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. போன மாதம் ஒன்பதாம் தேதி பேசின் பிரிட்ஜ் பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்தபோது, பதிவேட்டின்படி அவர் தபால் அனுப்பும் எழுத்தர். பதவியைப் பறித்தோம், வேலையை மட்டும் அவர் கையிலேயே விட்டுவைத்தோம். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாதே!

என்ன வேலை அது? கப்பல்காரர் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நடுக்கடலில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து சேதி சொல்ல வேண்டுமென்றால் நம் அலுவலக மின்னஞ்சல் வழியாகத்தான் போக வேண்டும். தமிழில் தட்டச்சு செய்து அனுப்பினால் கப்பல் கம்ப்யூட்டரில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒரு எழுத்தும் தேறாது. அதனால் நம் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கையால் கடிதம் எழுதுவது, அதை பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்வது, அந்தப் படத்தை மெயிலில் அனுப்புவது. படக் கடுதாசி என்று அதற்குப் பேரும் வைத்தார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இதுதான் பழக்கம். உள்ளே ஒரு வரி தட்டச்சு இருக்காது. தலைப்பும் இருக்காது. வெறும் படம்.

அதே 2006-ல் குப்பை மெயிலும் படமாகவே வர ஆரம்பித்தது. முன்னெல்லாம் அது எழுத்தாக வரும். பங்கு வாங்கு, மாத்திரை வாங்கு என்று எழுதியிருந்தால் அந்தச் சொற்களைப் பார்த்தே கம்ப்யூட்டர் தடுத்துவிடும். அந்த ஆட்கள் சும்மா இருப்பார்களா? எழுத்தையே படமாக்கி அனுப்பினார்கள். படத்துக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மென்பொருள் ஒன்றை பம்பாய் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்தது. அதை ஏமாற்ற அவர்கள் எழுத்தை நெளித்து, படம் முழுக்கப் புள்ளி தூவினார்கள். 'நெளிந்த கோடும் நிறையப் புள்ளியும் இருந்தால் குப்பை' என்று மென்பொருளும் பதிலுக்குக் கற்றுக்கொண்டது.

நம் அம்மாக்கள் கையால் எழுதிய தமிழ் எப்படி இருக்கும்? நெளிந்த கோடும் நிறையப் புள்ளியுமாகத்தான் இருக்கும்.

முதல் நாளே நாற்பது கடிதத்தை அந்த மென்பொருள் குப்பை என்றது. பரசுராமன் அதை நிறுத்திவிட்டுத் தானே ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரவுசிங் சென்டராகப் போனார். அனுப்பும்போது தலைப்பில் கப்பல் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். கப்பல் பெயர் இருந்தால் கடிதம் நேரே போய்விடும். எந்தக் கடை ஸ்கேனரில் எந்த இடத்தில் கீறல் விழும் என்று குறித்துக்கொண்டு வந்தார். நோட்டுத் தாளின் கோடு இருந்தால் ஒரு மதிப்பெண், கடையின் கீறல் இருந்தால் ஒரு மதிப்பெண், குப்பைக்காரர்கள் செய்வதுபோல் பல துண்டாக வெட்டி ஒட்டிய வண்ணப் படமாக இருந்தால் மதிப்பெண் குறைவு என்று கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தினார். இதற்கு அவர் பட்டப்படிப்பு எதுவும் படிக்கவில்லை. வியாசர்பாடி குடியிருப்பில் அடுத்த வீட்டு டிவி ரேடியோவைப் பழுது பார்த்தே வந்த அறிவு.

அப்படியும் சந்தேகத்தில் நிற்கும் மெயில் இருக்குமே, அதற்கென்று ஒரு பெட்டி வைத்தார். காத்திருப்புப் பெட்டி. குப்பை என்று உறுதியாகத் தெரியாத எதையும் அழிக்கக் கூடாது, அங்கே நிறுத்த வேண்டும். தினமும் காலையில் டீ குடிக்கும் முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முந்நூறு இருந்தாலும் பார்ப்பார், ஐந்நூறு இருந்தாலும் பார்ப்பார். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சின்னதாக்கி வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். பெரிதாக்கினால் சீக்கிரம் முடியுமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"அடுத்தவங்க வூட்டுக் கடுதாசி சார் அது. கடுதாசியா இல்லியான்னு தெரிஞ்சா போதும். உள்ள இன்னா கீதுன்னு நமக்கு எதுக்கு?" என்றார்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. சிரித்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், இந்த ஊரில் எத்தனையோ வீட்டு ரகசியம் அவர் கைவழியாகப் போயிற்று, ஒன்றையும் அவர் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த அக்டோபரில் தொல்லை எல்லை மீறியது. கப்பலுக்குச் செயற்கைக்கோள் வழியாகப் போகிற இணைப்பு ஆமை வேகம். ஒரு படம் ஏறுவதற்குள் டீ ஆறிவிடும். 'ஓஷன் மல்லிகா' என்ற கப்பலின் கேப்டன், குப்பைப் படம் இரண்டு நுழைந்து வானிலை அறிக்கை வரத் தாமதமானது என்று பம்பாய்க்கு எழுதிவிட்டார். பம்பாய் என்னைக் கடித்தது. நான் பரசுராமனைக் கடித்தேன். வெறும் படமாக வருகிற மெயில் எல்லாவற்றையும் வந்த இடத்திலேயே அழித்துவிடு என்று உத்தரவு போட்டேன். முடியாது என்றார். என் பதினாறு வருடத்தில் என் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன ஒரே ஆள்!

"தூக்கிப் போட்டா போனது போனதுதான் சார். நிறுத்தி வெச்சா அது அங்கயே நின்னுகினு இருக்கும். கப்பலுக்குக் குப்பை போவாம பாத்துக்கறது என் வேலை. கடுதாசி போவாம போனா அது யார் வேலை?"

அத்தோடு பேச்சு நின்றது. அடுத்த வாரம் அவர் விடுப்பில் போனார். நாக்பூரில் பௌத்தம் தழுவிய தீட்சையின் ஐம்பதாம் ஆண்டு விழா. ரமாபாய் அம்மாவோடு போக வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். கிளம்பும் நாளன்று தன் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி என் மேஜைமேல் வைத்தார். தினமும் காலையில் அரை மணி நேரம் அந்தப் பெட்டியைப் பாருங்கள் சார், அது போதும் என்றார். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது விதி. பெட்டி பார்க்கப்படாமல் கிடக்கக் கூடாது என்பதற்காக விதியை மீறினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை நான் ஒழுங்காகப் பார்த்தேன். நூற்றெண்பது மெயிலில் ஐந்து கடிதம் கிடைத்தது, விடுவித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை பாதியில் எழுந்து போய்விட்டேன். புதன்கிழமை காலையில் அறுநூற்றுப் பன்னிரண்டு மெயில் நின்றது. எல்லாம் தபால்தலை தபால்தலையாக, நெளிந்த கோடும் புள்ளியும். பத்தரை மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கூட்டம், கார் வாசலில் நிற்கிறது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். பத்து மணி பதினேழு நிமிடம்.

ஆம். நான்தான்.

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம்' என்று எழுதியிருக்கிறது. கஸ்பார் அவர்களே, இரண்டே முக்கால் வருடம் தாமதமாகப் பேச ஆரம்பித்திருக்கிறேன். பத்து நிமிடம் கொடுங்கள். மைக்கை யாரும் அணைக்க வேண்டாம். கோவிந்தம்மா, எழுந்துவிடாதீர்கள் அம்மா. முழுதும் கேளுங்கள், பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் உங்கள் கடிதம் இருந்தது. உங்கள் கணவர் தாமோதரன் ஸ்டான்லி மருத்துவமனையில் கிடந்தார். மகன் உதயாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உதயா ஏறியிருந்த 'ஓஷன் மல்லிகா' வியாழனும் வெள்ளியும் விசாகப்பட்டினத்தில் நிற்கும், அங்கே இறங்கி ரயில் ஏறி வந்துவிடு என்று நீங்கள் எழுதினீர்கள். பவானி அதை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினாள். வழக்கமான கடை இல்லை. கப்பல் பெயர் போட வேண்டும் என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாது. அதனால் கடிதம் காத்திருப்புப் பெட்டியில் போய் நின்றது. அது நிற்க வேண்டிய இடம் அதுதான். பரசுராமன் ஊரில் இருந்திருந்தால் காலை ஒன்பதரைக்கு அது கப்பலுக்குப் போயிருக்கும்.

இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை நீங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தீர்கள். போனை எடுத்தது நான். பையனுக்குக் கடுதாசி போட்டிருக்கிறேன், போய்விட்டதா சார் என்று கேட்டீர்கள். எதிரே பம்பாயிலிருந்து வந்த விருந்தாளி உட்கார்ந்திருந்தார். எல்லாம் போயிருக்கும்மா, பார்த்திருப்பான், கப்பலில் வேலை நெருக்கடியாக இருக்கும் என்று சொன்னேன். கடிதத்தில் என்ன என்று நான் கேட்கவில்லை. நீங்கள் மேலே ஏதோ சொல்ல வந்தீர்கள், அதற்குள் போனை வைத்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்! கப்பல் இன்னும் ஒரு நாள் விசாகப்பட்டினத்தில் நின்றது!

வெள்ளிக்கிழமை கப்பல் போய்விட்டது. திங்கட்கிழமை தாமோதரன் போய்விட்டார். பார்த்திருப்பான் என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, அப்பன் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்தும் வராத பிள்ளை என்று நீங்கள் உதயாவிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தீர்கள். நடுக்கடலில் அந்தப் பிள்ளை, அம்மா ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று தெரியாமல் தவித்தான். ஒரு கடிதத்தை மட்டுமா நான் அழித்தேன்?

தனக்குக் கடிதமே வரவில்லை என்று உதயா தங்கையிடம் சத்தியம் செய்த பிறகு, நவம்பரில் பவானி அலுவலகத்துக்கு வந்தாள். அனுப்பிய மெயிலின் பிரதியைத் தேதி, நேரத்தோடு கொண்டுவந்து காட்டினாள். அன்று சாயங்காலம் பரசுராமன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டர் பதிவிலிருந்து அச்செடுத்த ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். அழித்தவர் பரசுராமன், புதன்கிழமை, பத்து பதினேழு என்று இருந்தது. அவர் பெயரில் நுழைந்துதானே நான் அழித்தேன்! "அன்னிக்கு நான் நாக்பூர்ல கீறேன் சார்," என்று மட்டும் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பம்பாயிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். இது உங்கள் பெயர்தானே என்று அவர் பரசுராமனைக் கேட்டார். என் பெயர்தான் என்றார். பாஸ்வேர்டை யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். பரசுராமன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எண்ணூரில் திறக்கப்போகும் புது அலுவலகத்துக்கும் சேர்த்து என்னை மேலாளராக்கும் உத்தரவு அந்த வாரம் பம்பாயில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெட்டி என் பொறுப்பு சார், நடந்ததற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் பரசுராமன். விடுப்புப் பதிவேடு என் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து நீட்ட எனக்குக் கை வரவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? என்மேல் பாசமா? இல்லை, அப்படியெல்லாம் இல்லை. அன்று போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"பாஸ்வேர்ட உங்க கைல குடுத்தது என் தப்பு, அதுக்கு நான் வாங்கிக்கறேன். ஆனா அந்தம்மாகிட்ட நீங்களே ஒருநாள் போய் சொல்லிடுங்க சார். நான் சொன்னா உங்கள மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும். நீங்க சொன்னாதான் அது நெஜம்."

ஆகட்டும் என்றேன். அந்த 'ஆகட்டும்' இந்த மேடைக்கு வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள் அம்மா. எங்கள் கூடத்தில் முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பரசுராமன் முன்னால் நின்றீர்கள். "ஏம்பா, என் கடுதாசி உன் கண்ணுக்குக் கலீஜாவா தெரிஞ்சுது? எங்க வூட்டுக்காரு புள்ள மூஞ்சியப் பாக்காமலே கண்ண மூடிட்டாரே. நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டீர்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே உங்க வூட்டுக் கடுதாசி ஒண்ணுகூட தொலையாதும்மா," என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. திறக்க எட்டு அடி நடந்தால் போதும்.

சொன்னபடி செய்தார். காத்திருப்புப் பெட்டியில் அழிக்கும் பொத்தானையே எடுத்துவிட்டார். நிற்கிற மெயில் மூன்று மாதம் நிற்கும், யாரும் அழிக்க முடியாது. என்னால்கூட முடியாது சார் என்று என்னிடம் சொன்னார். அதில் குத்தல் இருந்ததா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இருந்தது. ஒரு கடிதம் அரை நாளுக்கு மேல் நின்றால் அனுப்பிய கடைக்கு போன் போட்டார். தபால் எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தபால் எழுத்தர் சம்பளத்தில், பதினொரு கப்பலின் மெயிலையும் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கடிதம் தொலைந்ததா? இந்த மண்டபத்தில் யாராவது கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒரு கை இல்லை.

போன வருடம் தை மாதம் நீங்கள் மறுபடியும் வந்தீர்கள் அம்மா. கையில் ஒரு பொட்டலம். நெத்திலிக் கருவாடு. அதைப் பரசுராமன் மேஜையில் வைத்துவிட்டு, "போனது போச்சு. நீயும் புள்ளகுட்டிக்காரன். மனசுல வெச்சுக்காத," என்று சொன்னீர்கள். செய்யாத தப்புக்கு நீங்கள் அவரை மன்னித்தீர்கள். அவரும் கைகூப்பி வாங்கிக்கொண்டார். நீங்கள் போனதும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு செய்தித்தாளில் பாதியைக் கொட்டிக் கட்டி, என் அறைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "பாதி உங்களுது சார்," என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி ஃப்ளோரன்ஸ் வறுத்துவைத்தாள். சாப்பிட்டேன். யார் கொடுத்தது என்று கேட்டாள், அலுவலகத்தில் ஒரு அம்மா கொடுத்தது என்றேன். உங்கள் கையால் வந்த மன்னிப்பில் பாதியை ஒரு வார்த்தை பேசாமல் தின்று செரித்தவன் நான். இதை எங்கள் மாதா கோயிலில் சாமியாரிடமும் சொன்னேன். அவர் என் பாவத்துக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லு என்றார். பரசுராமன் சொன்ன அதே சொல். சாமியாரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன்.

ரமாபாய் அம்மா! உங்களுக்கு எல்லாம் தெரியும். அந்தப் புதன்கிழமை நீங்கள் அவர் பக்கத்தில் நாக்பூரில் இருந்தீர்கள். ஊர் அவரை ஏசியபோது ஒரு சொல்லில் நீங்கள் உடைத்திருக்கலாம். துக்கம் கேட்க வந்த அன்று, எனக்கும் நாற்காலி போட்டு டீ கொடுத்தீர்கள். இன்னைக்காவது சொல்லித் தொலையேன் என்று நீங்கள் கேட்கவில்லை. "மீட்டிங்ல நீங்க பேசுங்க சார். அவரப் பத்தி உங்களுக்குத்தான் நெறைய தெரியும்," என்று மட்டும் சொன்னீர்கள். நான்கு பக்கம் அலங்காரமாக எழுதினேனே, உங்கள் அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் எழுதினேன்.

பரசுராமன் அவர்களே! உங்களை இமயம் என்றும் சிகரம் என்றும் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். கடைசிவரை நீங்கள் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கவில்லை. ஆனால் ஒருநாளும் ஒரு கடிதத்தை என்மேல் இருந்த கோபத்துக்காகத் தாமதிக்கவில்லை. குப்பையைத் தடுக்கிற எந்திரம் ஊரில் எவ்வளவோ வந்துவிட்டது. குப்பை என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் இன்னொரு முறை பார்க்கலாம் என்று நினைக்கிற மனிதன் எத்தனை பேர்? அந்த நினைப்பை எனக்கும் நீட்டிய மனிதர் நீங்கள். என்னைக்கூட இரண்டே முக்கால் வருடம் அழிக்காமல் நிறுத்திவைத்திருந்தீர்கள்.

செய்ய வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன். நடந்ததை அப்படியே எழுதி, விடுப்புப் பதிவேட்டின் பிரதியையும் வைத்து நேற்று பம்பாய்க்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் என்னை வைத்துக்கொள்வார்களோ அனுப்பிவிடுவார்களோ, அது அவர்கள் பாடு. 2006 நவம்பரிலிருந்து பதிவேட்டில் அவர் பதவி திரும்ப எழுதப்பட வேண்டும், அதனால் வர வேண்டியதெல்லாம் ரமாபாய் அம்மாவுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கொடுக்கும்வரை நான் விடமாட்டேன். அவர் போன மறுநாளிலிருந்து காத்திருப்புப் பெட்டியை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தபால்தலை அளவில்தான் பார்க்கிறேன். வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னொருவர் பொறுமையாகக் கற்றுக்கொள்ளும்வரை காலையில் டீ குடிக்கும் முன்னால் வந்து உட்காருவேன். இது அவர் படத்துக்கு முன்னால் நான் எடுக்கிற உறுதி.

கடலில் இருக்கும் உதயாவுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். எனக்குக் கணினித் தட்டச்சு தெரியும், ஆனாலும் நோட்டுத் தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, என் வீட்டு முகவரியிலிருந்து அனுப்பினேன். பதற்றத்தில் தலைப்பில் கப்பல் பெயர் போட மறந்துபோனேன். இன்று காலையில் பெட்டியைத் திறந்தால் நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றாக அது நிற்கிறது! என் கையெழுத்து எனக்கே தெரியவில்லை. நெளிந்த கோடும் புள்ளியும். பத்து நொடி பார்த்தேன். அப்புறம்தான் என்ன அது என்று புரிந்தது. பிறகு விடுவித்தேன். இந்நேரம் உதயா படித்துக்கொண்டிருப்பான்.

கூட்டத்தின் முடிவில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நம் வழக்கம். தலைவர் இப்போது அதைத்தான் சொல்லப்போகிறார். நீங்கள் எல்லோரும் நில்லுங்கள், அந்த மரியாதை அவருக்குரியது. என்னை மட்டும் அதிலிருந்து விட்டுவிடுங்கள். என் பங்கு மௌனத்தை நான் வேண்டிய அளவுக்கு இருந்து முடித்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நான் இந்த மேடையை விட்டு இறங்கி, நான்காவது வரிசைக்குப் போய், கோவிந்தம்மாவுக்கு முன்னால் நின்று, அன்றைக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லப்போகிறேன்.

அம்மா, அவர் இல்லை. நான்தான்.